மீதி எங்கே போனது?

கேள்வி: ஐந்து அப்பம், இரண்டு மீனைக் கொண்டு இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்தாரே, அங்கே நடந்தது பகிர்தல்தான், ஜனங்கள் ஒளித்து வைத்திருந்த உணவை வெளியே எடுத்ததே அற்புதம் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். மீதி எடுத்த 12 கூடைக்கு என்ன அர்த்தம்?

பதில்: 'ஒளித்து வைத்திருந்த' என்ற வார்த்தையைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான்கு சுவிசேஷங்களிலும் இந்தச் சம்பவம் வருகிறது, நான்கையும் விரித்து வைத்துத் தேடுங்கள், யாரும் எதையும் ஒளித்ததாக ஒரு வரி கிடையாது. பசியோடு புல்தரையில் உட்கார்ந்திருந்த ஜனங்களை, மடியில் அப்பத்தை மறைத்துக்கொண்ட கஞ்சர்களாக்க நமக்கு என்ன உரிமை? இது ஒன்றும் புதுச் சரக்கு அல்ல. 1828-லேயே ஹைன்ரிஷ் பவுலுஸ் என்ற ஜெர்மானிய இறையியலாளர் இப்படித்தான் விளக்கினார். ஏழே வருஷத்தில் இன்னொரு ஜெர்மானிய இறையியலாளர் டேவிட் ஸ்ட்ராஸ் அவர் விளக்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார், இத்தனைக்கும் ஸ்ட்ராஸ் அற்புதங்களை நம்பியவரே அல்ல! சாப்பிட்ட கூட்டம் இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோய் ராஜாவாக்கப் பார்த்தது என்றும், அவர் தனியே மலைக்குப் போய்விட்டார் என்றும் யோவான் எழுதுகிறார். அவரவர் கொண்டுவந்த சாப்பாட்டை அவரவர் பங்குபோட்டுச் சாப்பிட்டதற்கு யாராவது இன்னொருவரை ராஜாவாக்குவார்களா?

சரி, கூடைக்கு வருகிறேன். மாற்கு 8-ஆம் அதிகாரத்தில், படகில் ஒரே ஒரு அப்பம்தான் இருக்கிறது என்று சீடர்கள் கவலைப்படும்போது இயேசு அவர்களிடம் கணக்குக் கேட்கிறார். ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்டபோது மீதி எத்தனை கூடை? பன்னிரண்டு. இன்னொரு முறை நாலாயிரம் பேருக்குப் பங்கிட்டபோது? ஏழு. இன்னுமா உங்களுக்குப் புரியவில்லை என்கிறார். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது அல்ல, மீதி எவ்வளவு என்பதுதான் அவர் கேள்வி. இதில் தமிழில் ஒரு நஷ்டம் உண்டு, இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கிரேக்க மூலத்தில் இரண்டும் ஒரே கூடை அல்ல. பன்னிரண்டு என்பது 'கோஃபினோஸ்', யூதர்கள் கையோடு கொண்டுபோகிற கூடை. ஏழு என்பது 'ஸ்புரிஸ்', தமஸ்குவில் பவுலை மதில் வழியாக இறக்கினார்களே, ஓர் ஆளே உட்காரக்கூடிய அந்தக் கூடைக்கு அப்போஸ்தலர் நடபடிகளில் இதே பெயர்தான். நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டுமே 'கூடை' ஆகிவிட்டன. பன்னிரண்டை இஸ்ரவேலின் 12 கோத்திரங்களாகவும், ஏழு கூடையைப் புறஜாதிகளாகவும், அதாவது யூதரல்லாதவர்களாகவும், படிப்பவர்கள் உண்டு. நாலாயிரம் பேர் சம்பவத்துக்குச் சற்று முன்னால் மாற்கு நம்மைப் புறஜாதியார் வாழ்ந்த தெக்கப்போலி பக்கம் கூட்டிப்போவதால், அந்த வாசிப்பைத் தள்ளிவிட முடியாது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வாற்கோதுமை. அந்த ஐந்தும் வாற்கோதுமை அப்பம் என்று சொல்வது யோவான் மட்டும்தான். அந்தக் காலத்துக் கேட்பவர்களுக்கு உடனே பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எலிசா நினைவுக்கு வந்திருப்பார். இருபது வாற்கோதுமை அப்பம், நூறு பேர், அங்கேயும் மீந்தது. இங்கே ஐந்தே அப்பம், ஐயாயிரம் ஆண்கள், பெண்களும் பிள்ளைகளும் அந்த எண்ணிக்கையில் சேராமல். எலிசாவைவிடப் பெரியவர் வந்திருக்கிறார் என்பதுதான் சேதி. அப்பேர்ப்பட்டவர்தான், எல்லோரும் வயிறு நிரம்பி எழுந்த பிறகு, ஒன்றும் வீணாகாதபடி துணிக்கைகளைச் சேர்க்கச் சொல்கிறார். இல்லாத இடத்தில் அப்பத்தை வரவழைக்க முடிந்தவருக்குப் புல்லில் கிடந்த துணுக்கும் பொருட்டாக இருந்திருக்கிறது. எந்தப் பிரசங்கத்திலாவது இதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினால் முதல் வரிசையில் வந்து உட்காருவேன்.

அப்புறம், கலிலேயாக் கடலோரம் தப்கா தேவாலயத் தரையில் பழைய மொசைக் ஒன்று இருக்கிறது. இரு பக்கமும் மீன், நடுவே கூடை, அதில் தெரிவது நான்கே அப்பம். ஐந்தாவது, திருவிருந்து அப்பமாகப் பலிபீடத்தின்மேல் இருக்கிறது என்று சொல்வார்கள்.