'எல் பெர்துகோ': அலுகோசின் கதையும் அதன் வட்டும்

லூயிஸ் கார்சியா பெர்லாங்கா 1963-இல் இயக்கிய 'எல் பெர்துகோ' (மரண தண்டனையை நிறைவேற்றுபவர்) என்ற ஸ்பானிய அவல நகைச்சுவைப் படத்தையும் அதன் ப்ளூ-ரே வட்டையும் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மரண தண்டனையைப் பற்றிய படத்தில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

சிரிப்பு முழுவதும் வீட்டு ஒதுக்கீட்டிலிருந்து பிறக்கிறது. மாட்ரிட்டில் சவ ஊர்தியில் வேலை பார்க்கும் ஹோசே லூயிஸ், தண்டனையை நிறைவேற்றும் அரசு ஊழியரான முதியவர் அமதேயோவின் மகள் கார்மெனை மணக்க நேர்கிறது. அமதேயோவுக்குக் கிடைக்கவிருக்கும் அரசுக் குடியிருப்பு, அவர் ஓய்வு பெற்றால் கைநழுவிப் போய்விடும் என்பதால், ஆணை வந்தால் ராஜினாமா செய்துகொள்ளலாம் என்ற சமாதானத்தோடு மருமகன் அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கிறார். ஆணையும் வருகிறது. மயோர்கா தீவின் த்ராக் குகைக்குள்ளிருக்கும் ஏரியில் படகுகளில் மிதந்தபடி கலைஞர்கள் இசைக்க, சுற்றுலாப் பயணிகளுக்கு நடுவே மனைவியோடு அவர் கேட்டுக்கொண்டிருக்கையில், இருட்டுக்குள்ளிருந்து காவலர்களின் படகு ஒன்று மெல்ல வருகிறது. ஒலிபெருக்கிக் குழலில் அவர் பெயரைக் கூவுகிறார்கள். ரஃபேல் அஸ்கோனாவும் பெர்லாங்காவும் எழுதிய இந்தக் கதையில் கொடியவர் என்று எவருமே இல்லை. ஆளாளுக்கு ஒரு நியாயமான தேவை இருக்கிறது, அவ்வளவுதான்.

படத்தின் பெயரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'தூக்கிலிடுபவர்' என்று பலர் எழுதுகிறார்கள், அது பிழை. ஸ்பெயினில் பயன்பட்டது கரோட்டே, அதாவது கம்பத்தோடு பிணைத்த இரும்புக் கழுத்துப்பட்டையைப் பின்னாலிருந்து திருகி இறுக்கும் கருவி. குமரி மாவட்டத்து 'ஆராச்சார்' என்ற சொல்லிலும் தூக்குக்கயிறுதான் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழ் நாளேடுகள் எழுதும் 'அலுகோசு' எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கேயும் அது தூக்கு மேடையைச் சார்ந்த சொல்தான் என்றாலும், போர்த்துக்கீசிய 'அல்கோஸ்' என்பதிலிருந்து வந்ததாகையால், ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்துப் படத்துக்கு ஊர்ப்பாசத்தோடு பொருந்திப்போகிறது.

ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் இப்படியொரு படத்தைத் தணிக்கை எப்படி விட்டது?

முழுதாக விடவில்லை. தணிக்கைக் குழு சில நிமிடங்களை வெட்டியது. அமதேயோவின் கைப்பெட்டிக்குள் கருவியின் இரும்புகள் உரசும் ஓசைகூட அவர்களை உறுத்தியது. படம் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போவதற்குச் சில நாட்களுக்கு முன், 1963 ஆகஸ்ட் 17 அன்று, கிரனாடோ, தெல்காடோ என்ற, அரசமைப்பே கூடாது என்னும் கொள்கையுடைய இரு அராஜகவாதிகளை அரசு இதே கருவியால் மாட்ரிட்டில் கொன்றிருந்தது. அந்தச் சூழலில் படத்தைப் பார்த்த ரோம் நகரத்து ஸ்பானியத் தூதர், அதைக் கடுமையாகச் சாடி வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். விழாவிலோ திரை விமர்சகர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு அதற்குப் பரிசளித்தது. கரோட்டே கடைசியாகப் பயன்பட்டது 1974 மார்ச்சில்.

நீங்கள் வாங்கும் பிரதி எதுவாயினும், அந்தக் கைப்பெட்டி மேசைமேல் வைக்கப்படும் இடத்தில் ஒலியைச் சற்றுக் கூட்டிக் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ப்ளூ-ரே வட்டு என் பிளேயரில் ஓடவில்லை. வட்டு பழுதா?

பெரும்பாலும் இல்லை. கிரைட்டீரியன் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட அந்த வட்டு ஏ மண்டலத்துக்குரியது. ப்ளூ-ரேக்காக உலகை ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒரு மண்டலத்துக்கெனப் பூட்டிய வட்டு இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. இந்தியாவும் இலங்கையும் சி மண்டலத்தில் இருக்கின்றன. மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் ஏ மண்டலத்தினர் என்பதால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் எழாது. மண்டலப் பூட்டில்லாத பிளேயர் ஒன்றே நிலையான தீர்வு. டிவிடிக்கு மண்டலக் கணக்கே வேறு: அமெரிக்கா 1, இந்தியாவும் இலங்கையும் 5. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். விளையாட்டாக மாற்றி மாற்றி என் டிரைவை நான் ஒரு முறை 2-ஆம் மண்டலத்திலேயே நிரந்தரமாகக் குடியேற்றிவிட்டேன்.

வசன வரிகள் பல இடங்களில் விட்டுப்போகின்றனவே?

பெர்லாங்காவின் மனிதர்கள் ஒரே நேரத்தில் நான்கைந்து பேராகப் பேசுகிறவர்கள். திரையின் அடியில் இரண்டு வரிக்குத்தான் இடமிருப்பதால், மொழிபெயர்ப்பவர் ஒரு குரலைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றைக் கைவிட நேர்கிறது. முதல் முறை வரிகளைப் படித்துப் பாருங்கள். இரண்டாம் முறை அவற்றை அணைத்துவிட்டு, திரைச் சட்டகத்தின் ஓரங்களில் நிற்பவர்களைப் பாருங்கள்.

கைப்பேசியில் பார்த்தால் போதாதா? வட்டுக்கு இவ்வளவு செலவு தேவையா?

இந்தப் படத்துக்குத் தேவை என்பேன். பெர்லாங்கா அண்மைக்காட்சிகளை நம்பியவரல்லர். இறுதியில் வெள்ளையடித்த, வெறுமையான ஒரு பெருங்கூடத்தை உயரத்திலிருந்து காட்டுகிறார். முன்னே ஒரு சிறு கூட்டம் சாகப்போகிறவரை அழைத்துச் செல்கிறது. அவர் தாமாகவே நடக்கிறார். பின்னே இன்னொரு கூட்டம், கொல்ல வேண்டியவரைத் தாங்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. அவர் தொப்பி கழன்று விழுகிறது. 4கே தரத்தில் மீட்டெடுத்த அந்த வட்டில், வெண்மைக்கு நடுவே கிடக்கும் அந்தக் கறுப்புப் புள்ளி தொப்பி என்பது தெரிகிறது. கைப்பேசித் திரையில் அதைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுவீர்கள்.