மூன்று நோட்டுகளும் ஒரு கோலிக்குண்டும்

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பிளஸ் டூவில் காமர்ஸ், அப்புறம் பி.காம். பத்தாம் வகுப்போடு விட்டுப்போன இயற்பியலை ஆசைக்காகப் படிக்கத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. மூன்று நோட்டுப் போட்டிருக்கிறேன். திங்கள், செவ்வாய் இயற்பியல். புதன், வியாழன் நுண்கணிதம் (கால்குலஸ்). வெள்ளி, சனி அறிவியல் தத்துவம். நுண்கணிதத்தில் இன்னும் ‘எல்லை’ பாடத்திலேயே நிற்கிறேன். இயற்பியல் புத்தகமோ இரண்டாம் அத்தியாயத்திலேயே வகைக்கெழு, தொகையீடு என்கிறது. தத்துவப் புத்தகம் எந்த அறிவியல் விதியையும் முழுதாக நிரூபிக்கவே முடியாது என்கிறது. சனிக்கிழமை அதைப் படித்துவிட்டுத் திங்கட்கிழமை நியூட்டன் விதியை வைத்துக் கணக்குப் போட உட்கார்ந்தால் மனசு ஒட்டவில்லை. இன்ஜினீயரான என் தம்பி, ‘முதலில் கணிதத்தை முடி, பிறகு இயற்பியல், தத்துவத்தை ரிட்டயர் ஆன பிறகு பார்த்துக்கொள்’ என்கிறான். ஒன்றை விட்டுவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: எதையும் விட வேண்டாம், சகோதரி. கிழமை பிரித்து வைத்திருக்கிறீர்களே, அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பி சொன்ன வரிசையில்தான் நானும் படித்தேன். பி.எஸ்சி. முதலாண்டில் வகையிடல் சூத்திரங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பஸ் டிரைவருக்கு முன்னால் நடுங்குகிற வேகமானி முள் காட்டுவதும் ஒரு வகைக்கெழுதான், அதாவது ஒன்று மாறுகிற வேகம்தான் என்று உறைக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. கணிதத்தை முடித்துவிட்டு வா என்பது கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் கணிதம் எங்கே முடிகிறது?

இந்த இரண்டு பாடங்களும் பிறந்த கதையும் அந்த வரிசையில் இல்லை. ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் தன் நுண்கணிதத்தை அச்சில் வெளியிட்டது 1684இல். இயக்க விதிகளைச் சொன்ன நியூட்டனின் பெரிய நூல் 1687இல் வந்தது. நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்கிற ‘எல்லை’ அப்போது யாருக்கும் சரியாகப் பிடிபட்டிருக்கவில்லை. 1734இல் அயர்லாந்துப் பாதிரியார் பெர்க்லி இதைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறு நூலே எழுதினார். முதலில் ஒரு சிறு அளவு இருக்கிறது என்று சொல்லி அதால் வகுக்கிறீர்கள், வகுத்து முடித்ததும் அது இல்லை என்று சொல்லித் தூக்கிப் போடுகிறீர்கள், இது என்ன நியாயம் என்று கேட்டார். மறைந்துபோன அளவுகளின் ஆவிகளா இவை என்று கிண்டலும் செய்தார். கேள்வி நியாயமானதுதான். அதற்கு ஒழுங்கான பதில் 1821இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி எழுதிய பாடநூலில் தொடங்கி, ஜெர்மன் கணித அறிஞர் வயர்ஸ்ட்ராஸ் காலத்தில்தான் முழுமையாயிற்று. நடுவில் கிடந்த நூறு வருடத்துக்கு மேலான காலத்தில் இயற்பியல்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கோள்களின் பாதையை எல்லாம் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆக, ‘எல்லை’ பாடத்தை முழுக்க ஜீரணிக்காமல் அடுத்ததைத் தொடுவது பாவம் ஒன்றுமில்லை. திரும்பி வரலாம்.

இன்னொன்று. நுண்கணிதம் உங்களுக்குப் புதிது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தினமும் அதைத்தான் செய்கிறீர்கள். ஒவ்வொரு நாளும் நிகர வரவு எவ்வளவு என்பது ஒரு கணக்கு, வங்கியில் இருப்பு எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. இருப்பு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று பார்த்தால் வகையிடல். தினசரி வரவுகளைக் கூட்டிக்கொண்டே போய் இருப்பைப் பிடித்தால் தொகையிடல். அப்படிக் கூட்டினாலும் ஆரம்ப இருப்பு தெரியாமல் இறுதி இருப்பைச் சொல்ல முடியாது அல்லவா? தொகையீட்டின் கடைசியில் ‘கூட்டல் சி’ என்று ஒன்று எழுதச் சொல்வார்களே, மாணவர்கள் மறந்துபோய் அரை மார்க் இழப்பார்களே, அது ஆரம்ப இருப்புதான். திசைவேகம் என்பது இடத்தின் தினசரி வரவு, முடுக்கம் என்பது திசைவேகத்தின் தினசரி வரவு. ‘தினசரி’யை நொடிக்கும், நொடியின் துணுக்குக்கும் சுருக்கிக்கொண்டே போவது ஒன்றுதான் நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது.

சரி, இனி காரியத்துக்கு வருவோம். வரும் ஞாயிற்றுக்கிழமை நோட்டுகளை மூடிவைத்துவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அலுமினியம் சேனல் ஒன்று வேண்டும். அடி தட்டையாகவும், இரண்டு அங்குல அகலமாகவும் இருக்கட்டும். கண்ணாடிக் கோலிக்குண்டு ஒன்று. இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உயரம் வருகிற மாதிரி ஒரு முனையைப் புத்தகங்களின் மேல் தூக்கிவையுங்கள். பக்கத்தில் தையல் டேப்பை ஒட்டுங்கள். (உங்கள் ஊரில் டேப்புக்கா பஞ்சம்! ஆனால் ஒரு டேப் 150 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும், இரண்டு வேண்டும்.) குண்டைத் தள்ளாமல் மெதுவாக விடுங்கள். போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து, ஒவ்வொரு நொடி முடிவிலும் குண்டு எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் நொடி முடிவில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர், இரண்டாவது முடிவில் 70, மூன்றாவது முடிவில் 157 என்று வரும். எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், விகிதத்தைப் பாருங்கள்: 1, 4, 9. நொடிக்கு நொடி கடந்த தூரத்தைத் தனியாக எடுத்தால் 1, 3, 5. இந்த ஒற்றைப்படை வரிசையைக் கண்டவர் கலிலியோ. அவரிடம் போன் ஏது? பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே விழும் தண்ணீரைக் குவளையில் பிடித்து, அந்தத் தண்ணீரை எடைபோட்டு நேரத்தை அளந்ததாக 1638இல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார்.

இப்போது நுண்கணித நோட்டைத் திறங்கள். தூரம் நேரத்தின் வர்க்கமாகப் போகிறது. அப்படியானால் சரியாக மூன்றாவது நொடியில் வேகம் என்ன? 3இன் வர்க்கம் 9. 3.1இன் வர்க்கம் 9.61. நடுவில் 0.61 தூரம், 0.1 நேரம், வேகம் 6.1. இன்னும் நெருங்கி 3.01 எடுத்தால் 6.01. மேலும் நெருங்கினால் 6.001. எங்கே போய் நிற்கப்போகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்குத்தான் எல்லை என்று பெயர். நான்காவது நொடிக்குச் செய்தால் 8. வேகம் நேரத்தைப் போல இரண்டு மடங்காக, ஒரே சீராக ஏறுகிறது. கோலிக்குண்டு உருண்ட கையோடு இதைப் போட்டுப் பார்த்தால் மறக்காது.

தத்துவ நோட்டுக்கு இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது, கலிலியோவின் தவறு. விழுகிற பொருளின் வேகம் அது கடந்த தூரத்துக்கு ஏற்ப ஏறுகிறது என்று 1604 வாக்கில் அவர் நினைத்தார். நேரத்துக்கு ஏற்ப என்று பிற்பாடுதான் திருத்திக்கொண்டார். முதலில் நினைத்ததும் கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? இதில் என்ன கோளாறு என்று உங்களை மாதிரி கணக்குத் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். வளர்ச்சி, இருப்பதற்கு ஏற்ப அமைந்தால் அது கூட்டு வட்டி. அசல் பூஜ்யம் என்றால் வட்டியும் பூஜ்யம், என்றைக்கும் பூஜ்யம். கையிலிருந்து விடும்போது கடந்த தூரம் பூஜ்யம், ஆகவே வேகமும் பூஜ்யம். கல் அந்தரத்திலேயே நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். நுண்கணிதம் பிறப்பதற்கு முன்னால் இதைத் தெளிவாகச் சொல்லக் கருவி இல்லை. ஒரு கருதுகோளைக் கணிதத்தில் எழுதியதும் அது தன் வாயாலேயே மாட்டிக்கொள்கிறது என்பதை இங்கே பார்க்கிறீர்கள்.

இரண்டாவதுதான் உங்கள் சனிக்கிழமைக் குழப்பத்துக்கு மருந்து. பாடப்புத்தகத்தில் சாய்தளம் என்றால் புவியீர்ப்பு முடுக்கத்தைச் சரிவால் பெருக்கச் சொல்லியிருப்பார்கள். இங்கே சரிவு இருநூறுக்குப் பத்து, அதாவது 0.05. புவியீர்ப்பு முடுக்கம் சென்டிமீட்டர் கணக்கில் 980, அதை 0.05ஆல் பெருக்கினால் 49 வருகிறது. உங்கள் அளவீட்டிலோ, முதல் நொடியின் தூரத்தை இரட்டித்தால், 35 பக்கம்தான் வரும். ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு! கம்பெனிக் கணக்கில் இப்படி இடித்தால் ஆடிட்டர் விடுவாரா? நியூட்டன் பொய்த்துவிட்டார் என்று எழுதிவிடலாமா?

மாட்டீர்கள். முதலில் டேப்பைச் சந்தேகப்படுவீர்கள், அப்புறம் போனை, அப்புறம் உராய்வை. கடைசியில் வேறொன்று தெரியவரும். பாடப்புத்தகக் கணக்கு வழுக்கிக்கொண்டு வரும் பொருளுக்கு, உங்கள் குண்டோ உருண்டு வருகிறது. சுழல்வதற்கும் ஒரு பங்கு செலவாகிறது. கெட்டியான கோளம் உருளும்போது ஏழில் ஐந்து பங்கு முடுக்கம்தான் மிஞ்சும். 49இல் ஏழில் ஐந்து என்றால் 35. கணக்கு டேலி ஆகிவிட்டது.

பியர் டூயெம் என்ற பிரெஞ்சுக்காரர் 1906இல் வந்த தன் நூலில் இதைத்தான் விவாதித்தார். ஒரு விதி தனியாகச் சோதனைக்கு வருவதில்லை, துணைக்கு ஒரு கூட்டத்தையே அழைத்துக்கொண்டு வருகிறது. விடை தப்பினால் கூட்டத்தில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று தெரியும், யார் என்று தெரியாது. யுரேனஸ் கணக்குப்படி நகராதபோது பாரிஸில் வானியலாளர் லெவெரியே நியூட்டனைச் சந்தேகப்படவில்லை. கண்ணில் படாத ஒரு கோள் இழுக்கிறது என்றார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் வானியலாளர் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் கிடைத்தது. அதே லெவெரியே 1859இல் புதனின் பாதையிலும் ஒரு பிசகைக் கண்டார். இங்கேயும் அதே நியாயம்தான் அவருக்குத் தோன்றியது: சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள் இருக்க வேண்டும். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று, தேடினார்கள், இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை என்ற அந்தச் சின்னப் பிசகு (ஒரு பாகையை 3600 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் விகலை) 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டில்தான் நேரானது. அந்த முறை பொய் சொன்னவர் நியூட்டனேதான்.

ஒரே ஆள், ஒரே யோசனை. ஒரு முறை ஜெயித்தது, ஒரு முறை தோற்றது. முன்கூட்டியே இதைப் பிரித்துச் சொல்ல வழி உண்டா? அறிவியல் தத்துவக்காரர்களான பாப்பர் 1934இலும் கூன் 1962இலும் வெளியிட்ட நூல்கள் சுற்றிவருகிற இடங்களில் இது ஒன்று. உங்கள் தத்துவப் புத்தகம் ‘நிரூபிக்க முடியாது’ என்பதும் இந்த இடத்திலிருந்து படித்தால் பயமுறுத்தாது. நியூட்டன் திருத்தப்பட்டதே 43 விகலை அளவுக்குக் கறாராகக் கணக்குப் போட்டவர்களால்தான். திங்கட்கிழமைக் கணக்கை மனசு ஒட்டிப் போடுவதற்கு இது போதாதா?

கொஞ்சம் கடுமையாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தத்துவம் படிப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. நாலு கணக்குப் போட்டதும் இடுப்பு வலித்து, ‘ஆனால் விசை என்றால் உண்மையில் என்ன?’ என்று சாய்வு நாற்காலிக்குப் போய்விடுவார்கள். நல்ல கேள்விதான். நியூட்டனின் முதல் விதி சொல்கிறபடி எந்த விசையும் படாத ஒரு பொருளை யாராவது பார்த்திருக்கிறோமா, பார்க்காத ஒன்றைப் பற்றி எப்படி விதி சொல்வது என்று நானே வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். ஆனால் அந்த அத்தியாயத்தில் இருபது கணக்காவது போட்டு, அதில் ஏழெட்டு தப்பாகிப்போன பிறகு கேட்டால்தான் கேள்விக்கு எடை வருகிறது. அதனால் தத்துவத்தை மாதம் இரண்டு மாலைக்குச் சுருக்குங்கள். ஒரு அத்தியாயம் இயற்பியல் முடிந்த பிறகு, அந்த அத்தியாயத்தைப் பற்றியே படியுங்கள்.

மற்ற நாட்களில் இயற்பியல் முன்னால் போகட்டும், எங்கே கணிதம் இடறுகிறதோ அங்கே நிறுத்தி அந்தத் துண்டை மட்டும் படித்துவிட்டுத் திரும்புங்கள். புத்தகத்துக்கு வெளியே அலைய வேண்டாம். பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன் புத்தகங்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ஒரு வேடிக்கை: இயற்பியல் முதல் தொகுதியின் இரண்டாம் அலகிலேயே நுண்கணிதம் தேவைப்படுகிறது, கணிதப் புத்தகத்திலோ அது இரண்டாம் தொகுதியில்தான் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளும் உங்களைப் போலவே முழிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இயற்பியல் புத்தகமே தேவையான அளவுக்கு அந்த இடத்தில் சொல்லித்தருகிறது. அதை வைத்துத் தொடங்கினால் இந்த வருடத்துக்குப் போதும். நோட்டு மூன்று வேண்டாம். ஒரே நோட்டு, இடது பக்கம் அளவீடும் கணக்கும், வலது பக்கம் சந்தேகங்கள்.

தம்பியிடம் சண்டை போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சேனலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். கோலிக்குண்டு முடிந்ததும் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை அதே இடத்திலிருந்து உருட்டுங்கள். குண்டை விட மெதுவாக வரும். லேசாக இருப்பதால்தான், காற்று தடுக்கிறது என்று இன்ஜினீயர் உடனே சொல்லக்கூடும். அவரையே பெரியதும் சிறியதுமாக இரண்டு கோலிக்குண்டுகளை உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தாற்போல வந்து சேரும். பந்து உள்ளே வெறுமையாக இருப்பதற்கும் அது பிந்துவதற்கும் என்ன சம்பந்தம் என்பதை, சுழற்சி இயக்கம் அத்தியாயம் வரும்வரை வலது பக்கத்தில் எழுதி வையுங்கள்.