டி, ஓ, ஓ என்றால் 599

'வழக்கொழிந்துபோன எந்தக் கருவியை உங்களால் மறக்க முடியவில்லை?' என்பது கேள்வி.

என் பதில், டெலிபிரிண்டர்; தொலைவில் ஒருவர் தட்டுவதை இங்கே தாளில் அச்சடிக்கும் இயந்திரம். தந்தி அலுவலகத்தில் பார்த்தது அல்ல. சென்னையில் எங்கள் வாடகை வீட்டு மாடிக்கு, ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) பைத்தியத்தில் நானும் நண்பர் ஒருவரும் மூச்சு வாங்கத் தூக்கி வந்தது.

1980களின் பிற்பாதி அது. மின்னணு இயந்திரங்கள் வந்துகொண்டிருந்ததால் பழையவை காயலான் கடைகளில் எடைக்குப் போயின. எனக்குக் கிடைத்தது கிண்டியில் செய்தது. இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் ஆலையின் பிள்ளை. எங்கெங்கோ உழைத்துவிட்டு, பிறந்த ஊருக்கே திரும்பியிருந்தது.

வந்ததும் முதல் வில்லங்கம் வேகம். இங்கே தந்தித் துறைக்கு ஏற்ப அது 50 பாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 50 துடிப்பு என்ற கணக்கில் ஓடும். ஹாம்களோ உலகம் முழுவதும் 45.45 பாட். அமெரிக்காவில் ஹாம்கள் கழித்துக்கட்டப்பட்ட டெலிடைப் இயந்திரங்களை வைத்து, வானொலி வழியே டெலிபிரிண்டரில் பேசும் இந்த முறையை வளர்த்தார்கள். அவற்றின் வேகம் நிமிடத்துக்கு 60 சொல். அதுவே எல்லோருக்கும் சட்டமாகிவிட்டது. ஆகவே மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் திருகைத் தளர்த்தி, பதினொரு பங்கில் ஒரு பங்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். தண்டில் கோடு போட்ட காகித வட்டை ஒட்டி, மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மினுக்கும் டியூப் லைட் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்கும்வரை திருகினேன். மாலையில் செய்ததெல்லாம் வீண். அப்போதெல்லாம் மாலை நேரத்தில் மின்சாரத்தின் அதிர்வெண்ணே 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிந்துவிடும். இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்துதான் சரிசெய்தேன்.

ஒலியைத் துடிப்பாக மாற்றும் சுற்றை ரிச்சி தெருவில் வாங்கிய 741 என்ற பெருக்கி ஐசிகளால் கட்டினேன். துடிப்பின் இரண்டு நிலைகளுக்கும் ஆளுக்கொன்றாக வரும் இரண்டு தொனிகளுக்கு இடையே 170 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. என் ரிசீவரோ போர்க்காலத்து இராணுவ உபரி; சூடேறச் சூடேற அலைவரிசை நகர்ந்துகொண்டே போகும். ஒரு கை எப்போதும் திருகில் இருக்க வேண்டும். அனுப்பும் வசதியை நான் கடைசிவரை செய்யவே இல்லை, கேட்டதோடு சரி.

ஒரு விடியற்காலை, 14.090 மெகாஹெர்ட்ஸ் அருகே, 'ஆர் வை ஆர் வை' என்று முதல் வரி அச்சானது. இந்த இரண்டு எழுத்துகளின் ஐந்து துடிப்புகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறு, அதனால் சோதனைக்கு அதைத்தான் அனுப்புவார்கள். மேசை அதிர்ந்தது. கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, "தம்பி, மாடியில் அச்சகம் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். மறுநாளே அடியில் பழைய மெத்தையை மடித்துப் போட்டேன்.

அமெரிக்கர்கள் பேசினால் காரணமில்லாமல் மணி அடிக்கும். ஏதோ பழுது என்று ஒரு வாரம் பிரித்துப் பார்த்தேன். பழுதே இல்லை. நம் இயந்திரம் பின்பற்றும் சர்வதேசக் குறியீட்டில் மணிக்கு உரிய இடத்தில் அவர்கள் அபாஸ்ட்ரஃபி (') குறியை வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய மணி நம்மிடம் அந்தக் குறியாக விழும். அவர்கள் 'டோன்ட்' (don't) என்று தட்டினால் என் வீட்டில் மணி. இதைவிட மோசம் டாலர் குறி. நம் இயந்திரத்துக்கு அது 'நீ யார்?' என்ற கேள்வி. உடனே பதில் உருளை சுழன்று, முன்பு இருந்த அலுவலகத்தின் அடையாளத்தைத் தட்டத் தொடங்கும். அந்த உருளையைக் கழற்றி வைத்த பிறகுதான் நிம்மதி.

ஐந்து துடிப்பில் 32 சேர்க்கைகள்தான். எழுத்துக்கும் எண்ணுக்கும் அது போதாது என்பதால், 'இனி எண்கள்' என்று ஒரு குறி முன்னால் போகும். இரைச்சலில் அந்த ஒரு குறி தொலைந்தால் எண்களெல்லாம் எழுத்துகளாக விழும். சிக்னல் அருமை என்பதற்கான 599, 'டி ஓ ஓ' ஆகிவிடும். தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு, விசைப்பலகையின் மேல்வரிசையை மனத்தில் ஓட்டி அவற்றைத் திரும்ப எண்ணாக்குவேன். பஸ்ஸில் போகும்போதுகூட.

வீடு மாறியபோது இயந்திரத்தைத் தூக்க ஆள் கிடைக்கவில்லை. அதே கடைக்கே, வாங்கியதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தேன்.

இப்போது கணினியில் எஃப்எல்டிஜி மென்பொருள் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் படித்துத் தருகிறது. ஆனாலும் செப்டம்பர் கடைசி வார இறுதியில் நடக்கும் ஹாம்களின் சிக்யூ உலக டெலிபிரிண்டர் போட்டியைக் கேட்க உட்கார்ந்தால், இரைச்சலுக்கு நடுவே திரையில் எப்படியும் ஒரு 'டி ஓ ஓ' வந்து விழும். பேனாவை எடுத்து 599 என்று எழுதிக்கொள்கிறேன்.