கேன்சர் ஆபரேஷனுக்கு நாலு யூனிட் ரத்தம் கேக்குறாங்க, அவ்ளோ ரத்தமா போகும்? போனா எப்படி சமாளிப்பாங்க?

கேட்டவர் சொன்ன விவரம் இதுதான்: அம்மாவுக்கு சினைப்பை கேன்சர், மூணு கீமோ முடிஞ்சிருக்கு, வயித்துல இன்னும் கொஞ்சம் நீர் இருக்கு, எடை 60 கிலோ, ஹீமோகுளோபின் 10.5, அடுத்த வாரம் ஆபரேஷன், நாலு யூனிட்டுக்கு டோனர் கொண்டு வரச் சொல்லிட்டாங்க. நான் மயக்க டாக்டர், கேன்சர் சர்ஜரி தியேட்டர்லதான் பாதி வாழ்க்கை போகுது, அதனால எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன்.

முதல்ல அந்த நாலு யூனிட் பயத்தை விடுங்க. அது ஏத்தப்போற கணக்கு இல்ல, கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்னு வைக்கிறது. ஏத்தலன்னா ப்ளட் பேங்க் அதை வேற ஒருத்தருக்குக் குடுத்துடும், வீணாகாது. ஒரு பேக்கும் ஏத்தாம வெளிய வர்றவங்களும் இருக்காங்க, நாலும் போயி இன்னும் கேட்டு ஆள் அனுப்புற கேஸும் இருக்கு, உள்ள கட்டி எங்கெங்க ஒட்டியிருக்குன்னு வயித்தைத் திறந்தாதான் முழுசா தெரியும்.

உங்க அம்மாவுக்கே கணக்கு போடுவோம். பொம்பளைங்களுக்கு கிலோவுக்கு சுமார் 65 மில்லி ரத்தம்னு எடுத்துக்குவோம், 60 கிலோன்னா 3,900 மில்லி, அதாவது நாலு லிட்டருக்கு கொஞ்சம் கம்மி. ஹீமோகுளோபின் 10.5ல இருந்து 7க்கு இறங்குற வரைக்கும் தாங்கலாம்னு வெச்சா சுமார் 1,300 மில்லி போகலாம். ஹார்ட் பிரச்சனை இருக்கறவங்கன்னா 7 வரைக்கும் விடமாட்டோம், 8லயே ரத்தம் ஏத்த ஆரம்பிச்சிடுவோம். இதை காலையிலேயே கணக்குப் போட்டு வெச்சிடுவேன், ஏன்னா ரத்தம் கொட்டும்போது கணக்கு போட உக்கார முடியாது.

ஆனா எவ்வளவு போச்சுன்னு கண்டுபுடிக்கிறது இருக்கே, அதுதான் வெளிய யாருக்கும் தெரியாத வேலை. வயித்துக்குள்ள இருந்து உறிஞ்சுறது வந்து சேர்ற சக்ஷன் பாட்டில்ல அளவு போட்டிருக்கும், ஆனா அதுக்குள்ள வயித்து நீர், கழுவ ஊத்துன சலைன், ரத்தம் எல்லாம் ஒண்ணா கெடக்கும். அதனால நீரை முழுசா உறிஞ்சி முடிச்சதும் பாட்டில்ல ஒரு பிளாஸ்டர் ஒட்டி கோடு போட்டுடுவோம், இல்லன்னா பாட்டிலையே மாத்திடுவோம், அதுக்கு மேல ஏறுறதுதான் ரத்தம், அதுலயும் சிஸ்டர் எத்தனை சலைன் பாட்டில் ஊத்துனாங்கன்னு கேட்டுக் கழிக்கணும். அப்புறம் மாப், அதாவது ரத்தத்தை ஒத்தி எடுக்கற துணி. பெரிய மாப் ஒண்ணு நல்லா ஊறிப்போச்சுன்னா 100லருந்து 150 மில்லி வரைக்கும் புடிச்சிருக்கும். கண்ணால பாத்து சொல்றதுல எனக்கு நம்பிக்கை கெடையாது, தராசுல வெச்சு காய்ஞ்ச மாப் எடையைக் கழிச்சா ஒரு கிராமுக்கு ஒரு மில்லின்னு கிட்டத்தட்ட சரியா வரும். இதுக்கு மேல பேஷண்ட் மேல போத்தியிருக்கற டிரேப் துணிக்கு அடியில, தரையில போனது வேற. "எவ்ளோ போச்சு"ன்னு சர்ஜனைக் கேட்டா அவர் சொல்றது எப்பவும் கம்மியாதான் இருக்கும் (சர்ஜன்ஸ் யாராவது படிச்சா கோச்சுக்காதீங்க).

சரி அப்ப டெஸ்ட் எடுத்து ஹீமோகுளோபின் பாத்துட்டா போதாதான்னு கேப்பீங்க. ரத்தம் போகுற அந்த நேரத்துல எடுத்தா ஹீமோகுளோபின் பெருசா இறங்கியிருக்காது, ஏன்னா போறது முழு ரத்தம், செல்லும் தண்ணியும் சேந்தேதான் போகுது, மிச்சம் இருக்கறது அதே அடர்த்தியிலதான் இருக்கும். அப்புறம் ட்ரிப்ஸ் உள்ள போயி கலந்த பிறகுதான் நம்பர் இறங்கும். அதே மாதிரி சலைனை அள்ளி ஊத்துனா ரத்தமே போகாம நம்பர் இறங்கிடும், அதைப் பாத்து ரத்தம் ஏத்துனா அது தேவையில்லாத ரத்தம். அதனால நம்பரை மட்டும் பாக்கறதில்ல, பிபி, பல்ஸ், லாக்டேட் (உடம்புக்கு ஆக்சிஜன் பத்தலன்னா ரத்தத்துல ஏறுறது), மாப் எல்லாத்தையும் சேத்துதான் முடிவு.

இப்ப ட்ரிப்ஸ் விஷயம். நான் படிச்ச காலத்து புத்தகத்துல வயித்தைத் திறந்தாலே மணிக்கு கிலோவுக்கு 8, 10 மில்லி கூடுதலா விடுன்னு இருக்கும், தண்ணி எங்கயோ ஒரு மூணாவது இடத்துல போயி தங்கிடுதுன்னு ஒரு நம்பிக்கை. அப்படி விட்டு விட்டு ஆபரேஷன் முடியறப்ப குடல் உப்பிப் போயி வயித்தை மூடவே முடியாது, குடலை வெட்டி சேத்த தையலும் வீங்குன சதையில சரியா கூடாது, நுரையீரல்ல தண்ணி. அப்புறம் எல்லாரும் எதிர்ப்பக்கம் ஓடினாங்க, காய வெக்கிறதுதான் நல்லதுன்னு. 2018ல ஆஸ்திரேலியா டாக்டர்கள் முன்னால நின்னு நடத்துன பெரிய ஆய்வு வந்துச்சு, பெரிய வயித்து ஆபரேஷன் ஆன சுமார் 3,000 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கம் முதல் 24 மணி நேரத்துல சுமார் 3.7 லிட்டர், இன்னொரு பக்கம் சுமார் 6.1 லிட்டர். ஒரு வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டு பக்கமும் ஊனமில்லாம உயிரோட இருந்தவங்க கிட்டத்தட்ட சமம், ஆனா கிட்னி அடிவாங்குனது கம்மியா குடுத்தவங்கள்ல 8.6 சதவீதம், தாராளமா குடுத்தவங்கள்ல 5 சதவீதம். அதுக்கப்புறம் காயப்போடுற கூட்டம் கொஞ்சம் அடங்குச்சு. நான் இப்ப பண்றது நடுவுல, லேசா ஈரப்பக்கம் சாஞ்ச மாதிரி.

நடைமுறையில என்னன்னா, மயக்க மருந்தும் முதுகுல போடுற எபிடியூரலும் ரத்தக்குழாயை விரிச்சு பிபியை இறக்கும். அங்க தண்ணி குறையல, குழாய்தான் பெருசாயிருக்கு, அதுக்கு லிட்டர் லிட்டரா ஊத்துறது தப்பு, குழாயைச் சுருக்குற நார்அட்ரினலின் மருந்தை கொஞ்சமா ஓடவிட்டா போதும். நிஜமாவே தண்ணி வேணுமான்னு பாக்க மணிக்கட்டு ஆர்ட்டரில ஒரு லைன் போட்டிருப்போம், வெண்டிலேட்டர் மூச்சு விடுற ஒவ்வொரு தடவையும் அந்த அலை உயர்ந்து தாழும், அந்த ஏத்த இறக்கம் 13 சதவீதத்துக்கு மேல போனா உடம்பு தண்ணி கேக்குதுன்னு பெரும்பாலும் சொல்லலாம். அப்ப 250 மில்லி குடுத்துப் பாப்போம், அந்த ஏத்த இறக்கம் குறைஞ்சா சரி, இல்லன்னா வேற காரணம் தேடணும். ஆபரேஷன் நடக்கும்போது யூரின் குறையறது மட்டும் வெச்சு ட்ரிப்ஸை ஏத்துறதில்ல, வயித்தைத் திறந்த அதிர்ச்சிக்கே உடம்பு யூரினைப் புடிச்சு வெச்சுக்கும்.

உங்க அம்மாவுக்கு இன்னொரு விஷயம், அந்த நீர். நிறைய இருந்து சட்டுனு உறிஞ்சுனா வயித்துக்குள்ள இருந்த அழுத்தம் போயி பிபி டபக்குனு விழும், அதனால நிதானமா எடுக்கச் சொல்லுவோம். எடுத்ததோட முடியாது, அடுத்த ரெண்டு மூணு நாள் உடம்பு அதே இடத்துல திரும்ப நீர் கோக்கப் பாக்கும், ரத்தத்துல இருக்கற புரதத்தையும் சேத்து இழுத்துக்கிட்டு. சில பேருக்கு ஆல்புமின்ங்கற அந்தப் புரதத்தை ட்ரிப்ஸா குடுக்குறது இதுக்குத்தான், அதனால ஐசியூல நாலு நாள் ஆனா உடனே ஏதோ ஆயிடுச்சுன்னு பதறாதீங்க.

திடீர்னு கொட்டுச்சுன்னா? இடுப்புக்குள்ள இருக்கற பெரிய வெயின் கிழிஞ்சா பீச்சி அடிக்காது, கருஞ்சிவப்பா குளம் மாதிரி பொங்கும், சர்ஜன் உடனே மாப் வெச்சு அமுக்குவார். அப்ப நான் சொல்றது ஒண்ணுதான், "அமுக்கியே புடிங்க சார், தைக்காதீங்க, எனக்கு கொஞ்சம் டைம் குடுங்க". அந்த நேரத்துல சூடு பண்ணி ரத்தம் ஏத்தி, ரத்தம் உறைய உதவுற பிளாஸ்மா வரவழைச்சு, கால்சியம் குடுத்து (ரத்தம் உறையாம இருக்க பேக்ல போட்டிருக்கற சிட்ரேட் கால்சியத்தைக் கட்டிப் போட்டுடும்), உடம்பு குளிராம பாத்து, பிபி ஏறுனதும் இப்ப தைங்கன்னு சொல்லுவேன். உடம்பு 35 டிகிரிக்கு கீழ போச்சுன்னா ரத்தம் ஒழுங்கா உறையாது, ஜில்லுனு ரத்தம் ஏத்துனா இன்னும் கொட்டும்.

அப்படின்னா முன்கூட்டியே ரெண்டு பேக் ஏத்திட்டா நல்லதுதானேன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. ஒரு பேக்குக்கு ஹீமோகுளோபின் சுமார் ஒரு கிராம்தான் ஏறும், ஆனா அடுத்தவங்க ரத்தம் நம்ம எதிர்ப்பு சக்தியை கொஞ்சம் மழுங்கடிக்கும், ரத்தம் ஏத்துன கேன்சர் பேஷண்டுகளுக்கு, முக்கியமா பெருங்குடல் கேன்சர்ல, நோய் திரும்ப வர்றது அதிகம்னு பல வருஷமா பாத்துட்டு வர்றாங்க. ரத்தம்தான் காரணமா இல்ல அவங்க ஆபரேஷன் கஷ்டமா இருந்ததா காரணமான்னு சண்டை முடியல. முடியாத வரைக்கும் தேவைன்னா மட்டும் குடு, அவ்வளவுதான் என் கட்சி. மாதுளை ஜூஸ், பீட்ரூட் குடுக்கறதுல தப்பில்ல, ஆனா ஒரு வாரத்துல நம்பர் ஏறாது.

டோனருக்கு வருவோம். 18லருந்து 65 வயசு, 45 கிலோவுக்குக் குறையாம எடை, ஹீமோகுளோபின் 12.5, ஆம்பளைன்னா கடைசியா குடுத்து மூணு மாசம், பொம்பளைன்னா நாலு மாசம் ஆகியிருக்கணும். அம்மாவோட அதே குரூப்புதான் வேணும்னு பொதுவா இல்ல, பேங்க்ல இருக்கறதுல மாத்திக் குடுப்பாங்க, ஆனா நெகட்டிவ் குரூப்னா இன்னைக்கே போயி பேசிடுங்க. நீங்க குடுக்கலாம், ஆனா "என் ரத்தத்தையே அம்மாவுக்கு ஏத்துங்க"ன்னு அடம்புடிக்காதீங்க, பெத்த புள்ள ரத்தத்துல இருக்கற வெள்ளையணு அவங்க உடம்பைத் தாக்குற ஆபத்து அரிதா இருந்தாலும் உயிரையே எடுக்கும், அந்த வெள்ளையணுவை அடக்க பேக்குக்கு கதிர்வீச்சு காட்டாம ஏத்தக் கூடாது. இன்னும் ரெண்டு பேரைச் சும்மா போன் பண்ணி ரெடியா இருக்கச் சொல்லி வைங்க, பிளேட்லெட் அஞ்சு நாளுக்கு மேல தாங்காது, அது தேவைப்பட்டா அன்னைக்குத்தான் ஆள் தேடுவாங்க.