"நான் எடுத்துக்கிறேன், யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்றவர் காணாமல் போய்விட்டார், இப்போது என்ன செய்வது?

கேள்வி: பழைய கேமரா ஒன்றையும் இரண்டு லென்ஸையும் ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டேன் சார். முதல் நாளே ஒருவர் "நான் எடுத்துக்கிறேன், யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்றார். அவரை நம்பி மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். ஒன்பது நாளாக அவரிடமிருந்து பேச்சே இல்லை. இப்போது இன்னொருவர், தான் வெளியூரில் இருப்பதாகவும், பேபால் என்கிற ஆன்லைன் பணச் சேவையில் பணம் போட்டுவிட்டதாகவும், நாளை ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார், மெயிலும் வந்திருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆள் நாளைக்கே வருகிறார் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் நிதானமாகப் படியுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் என்பது ஒரு படம், அவ்வளவுதான். பெயரையும் தொகையையும் தட்டினால் "பணம் அனுப்பப்பட்டது" என்று படம் வரைந்து தரும் ஆப்களே இருக்கின்றன. வந்த மெயிலைத் திறந்து, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் முகவரியை முழுதாக விரித்துப் பாருங்கள். பெயர் பேபால் என்றிருக்கும், முகவரி யாரோ தொடங்கிய இலவச மெயில் கணக்காக இருக்கும். "பணம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, பொருளை அனுப்பியதும் விடுவிக்கப்படும்" என்று ஒரு வரியும் இருக்கலாம். இந்த வரிதான் பலரைக் கவிழ்க்கிறது, ஏனென்றால் இதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. புதிதாக விற்பவர்களின் பணத்தை பேபால் நிஜமாகவே 21 நாள் வரை நிறுத்தி வைப்பதுண்டு. ஆனால் அப்படி நிறுத்திய பணம் உங்கள் கணக்குக்குள் போய்ப் பார்த்தால் பட்டியலில் தெரியும். மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், நீங்களாக ஆப்பைத் திறந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால் பணம் வரவில்லை.

சரி, பணம் உண்மையாகவே வந்திருந்தால்? இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாக விவரம் தெரிந்தவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பணம் கணக்கில் இருக்கிறது, ஆள் வந்தார், கொடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து, பணம் போட்டவர் "பொருள் எனக்கு வந்து சேரவே இல்லை" என்று புகார் கொடுக்கலாம். பேபாலில் அதற்கு அவருக்கு 180 நாள் அவகாசம் உண்டு. கார்டு வழியாகப் போட்டிருந்தால் அவருடைய வங்கி மூலமாகவும் பணத்தைத் திரும்ப இழுக்கலாம், அதற்குப் பெரும்பாலும் 120 நாள். அப்போது உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பணம் போட்டபோது பதிவான முகவரிக்குப் பொருள் போய்ச் சேர்ந்ததற்கு கூரியர் ஆதாரம் எங்கே? வாசலில் யாரோ ஒருவர் கையில் கொடுத்ததற்கு என்ன ஆதாரம் காட்டுவீர்கள்? வந்தவரோடு செல்ஃபி எடுத்து வைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை, அவர் யார் என்றே தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். உண்மையிலேயே வெளியூரில் இருந்துகொண்டு தம்பியை அனுப்புகிற நல்ல மனிதர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்கு இரண்டு வழி காட்டுங்கள். வருகிற தம்பி கையில் ரொக்கம் கொடுத்து அனுப்பட்டும், நீங்கள் எண்ணிப் பார்த்த பிறகு கேமராவைக் கொடுங்கள். அல்லது பணம் போட்ட முகவரிக்கே கையெழுத்து வாங்கும் கூரியரில் நீங்கள் அனுப்புகிறீர்கள். நேர்மையானவர் இரண்டில் ஒன்றுக்கு உடனே சரி என்பார். இரண்டும் வேண்டாம் என்று கதை சொல்பவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

"கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியை வருகிற ஆளிடம் கொடுத்துவிடுங்கள்" என்று வந்தால், அது திருட்டுக் கார்டின் பணமாக இருக்கலாம். பிறகு முழுத் தொகையும் உங்களிடமிருந்து திரும்பப் போகும், கையிலிருந்து கொடுத்த மீதியும் போனதுதான். திருப்பித் தருவதானால் வந்த வழியிலேயே, ரீஃபண்ட் பட்டனை அழுத்தி மட்டும் தாருங்கள்.

விளம்பரம் போட்டதும் மொய்க்கிற இடைத்தரகர்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "உங்கள் கேமராவுக்கு ஆள் ரெடி, பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்டுங்கள்" என்பான் ஒருவன். விற்கிறவன் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? "நீங்கள் நிஜ ஆள்தானா என்று பார்க்க 6 இலக்க எண் ஒன்று அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள்" என்பான் இன்னொருவன். அந்த எண் உங்கள் போன் நம்பரை வைத்து அவன் ஏதோ ஒரு கணக்கைத் தொடங்கவோ, உங்கள் கணக்குக்குள் நுழையவோ வந்த எண். பணத்தைப் பாதுகாப்பாக வைத்திருந்து பிறகு தருகிற நடுநிலை நிறுவனம் என்று ஒரு இணையதளத்தை அவனே காட்டினால், அது அவனே கட்டிய தளமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். விலை பேசி முடித்து, வாசலில் வந்து நின்று "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது" என்று பாதியை நீட்டுகிற மறுவிற்பனைக்காரர்கள் வேறு. இவர்கள் மோசடிக்காரர்கள் இல்லை, உங்கள் அலுப்பை வைத்துப் பிழைப்பவர்கள். கதவைச் சாத்துங்கள், தப்பே இல்லை.

முதலில் காணாமல் போனவர் உங்களை ஏமாற்றியிருக்க மாட்டார். ஒரே நேரத்தில் ஐந்து பேரிடம் "எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, எது மலிவோ அதற்குப் போயிருப்பார். அவருக்காக மூன்று பேரை அனுப்பியதுதான் நீங்கள் செய்த தவறு. ஈபே என்கிற பெரிய ஆன்லைன் விற்பனைத் தளத்திலேயே வாங்குபவர் 4 நாளில் பணம் கட்டாவிட்டால் விற்பவர் ரத்து செய்துவிடலாம். நேரில் விற்கும் பொருளுக்கு அவ்வளவுகூட வேண்டாம், நாளும் நேரமும் சொல்லாதவருக்கு ஒரு நாள் போதும். தளங்கள் இதில் உதவும் என்று காத்திருக்காதீர்கள். 2008 மே மாதத்திலிருந்து ஈபேயில் விற்பவர் வாங்குபவரைப் பற்றி மோசமான மதிப்பீடு போடவே முடியாது, அவர் உங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம்! புகார் பட்டனை அழுத்தினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வரும். அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கூரியரில் அனுப்புவதானால் ஒரு வேலை இருக்கிறது. கேமராவைக் கவிழ்த்துப் பாருங்கள், ட்ரைபாட் மாட்டுகிற துளைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் சீரியல் எண் இருக்கும். லென்ஸ்களிலும் தேடுங்கள். மூன்றையும் படமெடுத்து, பேக் செய்வதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். கெட்டுப்போன தன்னுடைய கேமராவை உங்களுடையது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். "சொன்னபடி இல்லை" என்கிற புகாருக்கு பேபாலின் விற்பவர் பாதுகாப்பு உதவாது.

இன்றைக்கு அந்த மூன்று பேருக்கும் செய்தி அனுப்புங்கள்: "கேமரா இன்னும் இருக்கிறது. யார் முதலில் வந்து பணம் தருகிறாரோ அவருக்குத் தருகிறேன், யாருக்காகவும் எடுத்து வைக்கவில்லை." ஒருவராவது நாளைக்கே வருகிறேன் என்பார். வந்தால் மெமரி கார்டைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.