எம்.எட். கட்டணம் இருக்கட்டும், மறு அடகை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: பாலக்கோடு அருகே தனியார் மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எம்.எஸ்சி., பி.எட். சம்பளம் 18,000. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, 24,000. வேலையை விட்டுவிட்டு எம்.எட். சேர ஆசை. கட்டணம், பஸ் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆகும். 12 பவுன் நகை 12% வட்டிக்கு அடகில் இருக்கிறது. நாலு வருடம் முன்பு 1,50,000 வாங்கியது, இப்போது 4,20,000. கூடுதலாக வாங்கியதெல்லாம் தம்பியின் தக்காளித் தோட்டத்துக்கும் போர்வெல்லுக்கும் போயிற்று. இந்த வருடமும் கேட்கிறான். படிப்புக்கும் அதன் மேலேயே வாங்கலாமா? இல்லை, ஏஜென்ட் சொல்கிறபடி, காப்பீடும் முதலீடும் சேர்ந்த யூலிப்பில் மாதம் 5,000 போட்டுப் படிக்கலாமா?

பதில்: யூலிப்பை ஒரு வரியில் முடித்துவிடலாம். அதில் போட்ட பணத்தை 5 வருடம் தொட முடியாது, உங்கள் படிப்போ 2 வருடம். ஏஜென்டுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

என் கவலை வேறு. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி, தங்கம் விலை ஏறிய தைரியத்தில் கூடுதலாக வாங்கித் திருப்பி வைக்கிறீர்கள். இதுதான் மறு அடகு. 4,20,000-க்கு வட்டி வருடத்துக்கு 50,000 சொச்சம், மாதம் 4,200. உங்கள் சம்பளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இதன் மேல் ஒன்றரை லட்சம் ஏற்றினால் மாதம் 5,700. வேலையை விட்ட பிறகு அதைக் கணவர் சம்பளத்தில்தான் கட்ட வேண்டும்.

தம்பிக்கு இல்லை என்று சொல்வது கஷ்டம், தெரியும். ஆனால் நிலம் அவர் பேரில் இருந்தால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்கும். தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அக்கா 12% வட்டி கட்டித் தக்காளிக்கு விலை வரும் என்று காத்திருப்பானேன்? மனு போட அவரோடு நீங்களே போய் வாருங்கள்.

அடுத்தது, நகையில் ஒரு பகுதியை விற்றுக் கடனை முடியுங்கள். இன்றைய விலைக்கு எத்தனை பவுன் போதும் என்று கணக்குப் பாருங்கள். மாமியார் முகம் சுளிப்பார். மீதி நகை பீரோவுக்கு வந்துவிடும், அதைக் காட்டுங்கள்.

இனி எம்.எட். அரசுப் பள்ளியில் முதுநிலை ஆசிரியராக வேண்டும் என்றால் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வுக்கு உங்கள் எம்.எஸ்சி., பி.எட். போதும். எம்.எட். கேட்கப்படுவது பி.எட். கல்லூரியில் பாடம் நடத்த. அங்கேயும் நெட், செட் தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. வேண்டும். எம்.எட். முடித்தால் இன்கிரிமென்ட் வரும் என்று சீனியர்கள் சொல்வது பழைய கதை. உயர்கல்விக்கான அந்த ஊக்க ஊதிய உயர்வை அரசு 2020-லேயே நிறுத்திவிட்டது. எம்.எட். முழுநேரப் படிப்பு. பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 24 மாதச் சம்பளம் 4,32,000 போய்விடும். கட்டணத்தையும் சேர்த்தால் உண்மையான விலை 5,80,000-க்கு மேல்.

கல்லூரி ஆசிரியர் வேலைதான் லட்சியம் என்றால் படியுங்கள், தடுக்க மாட்டேன். அப்போதும் நகையைத் தொடாதீர்கள், வங்கியில் கல்விக்கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை அடமானம் கேட்க மாட்டார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். அதற்கு முன், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இரண்டு பி.எட். கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்களிடம் மாதம் கைக்கு எவ்வளவு வருகிறது என்று விசாரியுங்கள். உங்கள் 18,000-ஐ விடப் பெரிதாகக் கூடவில்லை என்றால், இந்த வருடம் டி.ஆர்.பி.க்குப் படிப்பதே மேல்.