யங் சொல்வது உடல் பலவீனத்தையா?

இல்லை. பெண்ணுடல் இயல்பிலேயே பலவீனம் என்று அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங், 'Throwing Like a Girl' (பெண்பிள்ளை போல எறிதல்) என்ற 1980 கட்டுரையில் சொல்லவில்லை. பெண்கள் பந்தெறியும்போது பெரும்பாலும் கை மட்டும் வீச, இடுப்பும் தோளும் கூடவே வராமல் நிற்பது, வளர்ந்த சூழல் அப்படிப் பழக்கிவிட்டதால்தான் என்கிறார்.

'பெண்தன்மை' என்ற சொல்லை உடற்கூறாக வாசித்திருப்பீர்கள், குழப்பம் அங்கேதான் இருக்கும். அவருக்கு அது ஒரு சமூகத்தில் பெண்ணாக வாழும் நிலைமை. பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-போந்தி சொன்ன, 'என்னால் முடியும்' என்று செயலில் இறங்கும் உடல், இங்கே பாதியிலேயே 'முடியாது' என்று தன்னை இழுத்துப் பிடிக்கிறது.

இறுகிய ஜாடி மூடியைத் திருகிப் பாருங்கள். மணிக்கட்டு மட்டும் மல்லுக்கட்டுகிறதா, தோளும் சேர்கிறதா? யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்? (எனக்கு உடனே பிடி தளரும்.)

அப்புறம், யங் எடுத்துக்கொள்வது எறிதல், தூக்குதல் போல ஒரு வேலையை முடிக்கச் செய்யும், குறிக்கோளுள்ள அசைவுகளை மட்டுமே. நடனத்தை இதில் அளக்காதீர்கள். எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும் என்றும் அவர் சொல்லவில்லை.